வெற்றிலை இல்லாத ஏகமனது

கமிட்டி ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்கு முதல் வேலையாக என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பல தேசங்கள் உறுப்பினராக உள்ள ஓர் அமைப்பில் பட்ஜெட்டுக்கு எப்படி ஓட்டுப் போடுவது என்ற விதியைத் திருத்தப் போகிறீர்களாம். எல்லாரும் சம்மதித்தால்தான் பட்ஜெட் என்பது பழைய பஞ்சாங்கமாம். அதிகம் கொடுப்பவனுக்கு அதிக ஓட்டு என்பது நவீனமாம். வரைவை மரியாதைக்கு எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தீர்கள். படித்தேன். சிரிப்பு வந்தது, பிறகு கோபமும் வந்தது. ஏனென்றால் ஏறக்குறைய இதே வாசகங்களை நான் ஒரு துரைக்காக என் கையாலேயே எழுதியிருக்கிறேன். நீங்கள் அப்போது பிறக்கவே இல்லை.

அதனால் உங்கள் வரைவைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. அந்தத் துரையைப் பற்றிச் சொல்கிறேன். அவரைவிட முட்டாளாக நடந்துகொண்ட ஒரு குமாஸ்தாவைப் பற்றியும் சொல்கிறேன். அந்தக் குமாஸ்தா நான்தான்.

வெள்ளைக்காரன் காலம். இரண்டாவது யுத்தம் இன்னும் வரவில்லை. எங்கள் துரை அதற்கு முன்னால் ஐரோப்பாவில் ஒரு ஏரிக்கரை நகரத்தில், உலகத்துத் தேசங்கள் எல்லாம் கூடிப் பேசிய ஒரு மன்றத்தில், பட்ஜெட் கமிட்டியில் யாருக்கோ உதவியாளராக இருந்தவர். அங்கே ஒரே ஒரு சின்னத் தேசம் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் வரவு செலவுத் திட்டம் நின்றுபோகுமாம். அதைத் திருத்த வேண்டும் என்று இவர் நீளமாக ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒருவரும் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலோடு கப்பலேறி வந்தவரைச் சர்க்கார் கொல்லிமலைக்கு ஸ்பெஷல் ஆபீஸராகப் போட்டது. ஏரிக்கரையில் விலைபோகாத சரக்கை மலையில் கடைவிரிக்க அவருக்கு இடம் கிடைத்தது.

மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த ஒரு தொகுதி. திண்ணனூர் நாடு, திருப்புலி நாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தலைவர். எல்லா நாட்டுக்கும் பொதுவாகத் திண்ணனூர்ப் பக்கம் ஒரு களஞ்சியம் இருந்தது. வருஷா வருஷம் ஒவ்வொரு நாடும் தன்னால் முடிந்த சாமையை அதில் அளந்து போடும். அதை எதற்குச் செலவழிப்பது என்று நாட்டுத் தலைவர்கள் கூடி முடிவு செய்வார்கள். அவர்களுடைய பட்ஜெட் அதுதான். அதற்கு ஓட்டுப் போடும் முறையும் இருந்தது. நடுவில் ஒரு மரத்தட்டில் நாட்டுக்கு ஒரு வெற்றிலையும் பாக்கும் வைப்பார்கள். ஒருவர் விஷயத்தைச் சொல்வார். சம்மதமானவர் தன் வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். சம்மதமில்லாதவர் எடுக்க மாட்டார். வாய் திறந்து மறுத்துப் பேசுவது அங்கே மரியாதை இல்லை. பொழுது சாயும்போது தட்டில் ஒரு வெற்றிலை மிஞ்சியிருந்தாலும் விஷயம் தீரவில்லை என்று அர்த்தம். மறுநாள் மறுபடி கூடுவார்கள்.

துரைக்கு இதைக் கேட்டதும் பழைய ஏரிக்கரை எதிரிகள் எல்லாம் வேட்டி கட்டிக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தது போல இருந்திருக்க வேண்டும். அறுபது வீடுகூட இல்லாத ஒரு நாடு ஒற்றை வெற்றிலையை வைத்துக்கொண்டு மலையையே நிறுத்துவதா என்று குதித்தார். உண்மையில் அவருக்கு வேறு அவசரம் இருந்தது. அடிவாரத்திலிருந்து தன் முகாம் பங்களா வரை குதிரை வண்டி போகிற மாதிரி ஒரு பாதை போடவேண்டும். கூலிக்குச் சர்க்கார் காசு தரவில்லை. களஞ்சியத்துச் சாமையை அளந்து கூலியாகக் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டார். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதுதான்.

அதற்குக் குறுக்கே ஒரு நாடு நின்றது. கிழக்குச் சரிவில், எல்லாவற்றிலும் சின்ன நாடு. தலைவர் பெயர் சடையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் கதிர் முற்றிய நேரத்தில் விடாமல் மழை பிடித்து, அவர்கள் சாமை தாளிலேயே முளைத்துப் போயிற்று. தின்பதற்கு மரவள்ளிக் கிழங்கு இருந்தது. விதைப்பதற்கு ஒன்றும் இல்லை. களஞ்சியத்திலிருந்து விதைச் சாமை கிடைத்தால் அடுத்த வருஷம் அந்த ஊர்களில் அடுப்பெரியும். இல்லாவிட்டால் கீழே இறங்கிக் கூலிக்குப் போகவேண்டியதுதான். பாதைக்குச் சாமை என்றால் சடையன் வெற்றிலையை எடுக்கமாட்டார் என்பது எங்கள் ஆபீஸ் குதிரைக்குக்கூடத் தெரியும்.

ஆகவே முதலில் ஓட்டு முறையையே மாற்றிவிடுவது என்று துரை தீர்மானித்தார். களஞ்சியத்துக்கு அந்த வருஷம் அளக்கும் ஒவ்வொரு படிக்கும் ஒரு ஓட்டு. அதிகம் அளந்த நாட்டுக்கு அதிக ஓட்டு. வரைவைச் சுத்தப் பிரதி எடுத்தது நான். இத்தனை பேராவது வந்திருக்க வேண்டும் என்று ஒரு வரியை நானே சேர்த்துக் காட்டினேன். 'வேண்டாம், சின்ன நாடுகள் வராமலே இருந்து கெடுத்துவிடும்' என்று அடித்துவிட்டார். தன் ஏரிக்கரைப் பெருமைக்காக வேறொரு வரியைச் சேர்த்தார். கூட்டம் கலைவதற்குள் நடவடிக்கைக் குறிப்பை உறுப்பினர்களின் பாஷையில் உரக்கப் படிக்க வேண்டும்.

இனி என் கெட்டிக்காரத்தனத்தைக் கேளுங்கள். நான் அடிவாரத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் வகையில் சர்க்கார் சம்பளம் வாங்கிய முதல் ஆள். மலைக்காரர்களின் பேச்சு எனக்குத் தெரியும் என்றுதான் என்னை எடுத்தார்கள். பேச்சு தெரிந்தது, ஆனால் அவர்களைப் பார்த்தாலே எனக்கு ஓர் இளப்பம். பங்களா வராந்தாவுக்கு அப்போதுதான் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். புது விதியை நிறைவேற்ற நாட்டுத் தலைவர்களை அந்த வராந்தாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கூட்டத்தன்று காலையில், 'வெற்றிலைத் தட்டு வைத்தால் சுவரெல்லாம் துப்பி வைப்பார்கள், இன்றைக்கு அது வேண்டாம்' என்று துரையிடம் நானாகவே சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. துரை முதுகில் தட்டிக்கொடுத்தார். ஓட்டுப் பெட்டியை நானே தூக்கி எறிந்துவிட்டேன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கூட்டம் நடந்தது. துரை பேசினார், நான் தமிழில் சொன்னேன். 'எதிர்க்கிறவர்கள் கையைத் தூக்கலாம்' என்றார். சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. திருப்புலி நாட்டுப் பெரியவர் மட்டும் மெதுவாக என்னைப் பார்த்து, "ஏனுங்க, தட்டு இன்னும் வரலீங்களே?" என்றார்.

"அதெல்லாம் அப்புறமுங்க" என்றேன்.

அவர் வாயை அடைப்பதற்காகச் சொன்ன சொல் அது. அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். நான் புத்தகத்தில் எழுதினேன்: 'ஏகமனதாக நிறைவேறியது.' எழுத்து அழகாக விழுந்திருந்தது. துரை குதிரையேறிப் போனார். நாட்டுத் தலைவர்கள் போகவில்லை. பொழுது சாயும் வரை வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார்கள். களைப்பாறுகிறார்கள் என்று நினைத்து, குடிக்கத் தண்ணீர் வைக்கச் சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். அவர்கள் தட்டுக்காகக் காத்திருந்தார்கள். அதுவரை நடந்த பேச்சு அவர்களுக்கு வெறும் பேச்சுதான். கூட்டம் இனிமேல்தான் ஆரம்பம்.

பத்து நாள் கழித்துச் சடையன் வந்தார். கூடவே அவர் மனைவி. ஓட்டு முறை மாறிவிட்டது என்றும், அதற்கு அவரும் சம்மதித்ததாகப் புத்தகத்தில் இருக்கிறது என்றும் சந்தையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். துரை உள்ளே நாற்காலியில் இருந்தார். அவர் பார்வையில்தான் என் மேஜை.

"ஏனுங்க, நான் சம்மதிச்சேன்னு எழுதியிருக்கீங்களாமா?"

"யாரும் கையைத் தூக்கலீங்களே" என்றேன்.

"கையை எதுக்குங்க தூக்கணும்? வெத்தலையே வெக்கலயே. எடுக்காத வெத்தலைக்கு எப்படிங்க சம்மதமாகும்?"

நான் புத்தகத்தைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். படிக்கத் தெரியாதவரிடம் எழுத்தைக் காட்டுவது எவ்வளவு கேவலம் என்று அப்போது உறைக்கவில்லை. "எழுதினது எழுதினதுதானுங்க. அதை மாத்த எனக்கு அதிகாரம் இல்லீங்க" என்றேன்.

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ அடிவாரத்துப் புள்ளதான சாமி? உங்க ஊட்டுப் பொண்ண வெத்தல மாத்தாமலே குடுத்துருவீங்களா? பொண்ணு வாயத் தொறக்கல, அதனால சம்மதம்னு எழுதிக்குவீங்களா?"

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து துரை, 'என்ன கேட்கிறார்கள்?' என்றார்.

தம்பி தங்கைகளே, நம் தொழிலில் ஆபத்து எப்போதும் இந்த மாதிரிச் சின்னக் கேள்வியாகத்தான் வரும். ஓர் ஆள் ஒரு பாஷையில் கேட்கிறார், இன்னோர் ஆள் இன்னொரு பாஷையில் காத்திருக்கிறார், நடுவில் நீங்கள் மட்டும். உண்மையைச் சொன்னால், தட்டை எடுக்கச் சொன்னது நான் என்பது வெளியே வரும். 'ஏகமனதாக' என்று துரை மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கை பொய்யாகும். ஏரிக்கரை நண்பர்களுக்கும் அவர் பெருமையடித்துக் கடிதம் போட்டிருந்தார். என் வேலை போகும். இத்தனையும் ஒரு மூச்சு விடும் நேரத்தில் என் மனசில் ஓடியது.

'பாதை வேலையில் கூலி கேட்டு வந்திருக்கிறார்கள்' என்று சொன்னேன்.

துரைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. 'தாராளமாகத் தரலாம், பெயரை எழுதிக்கொள்' என்று சடையனைப் பார்த்துச் சிரித்தார். நான் சடையன் பக்கம் திரும்பி, "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்றாருங்க" என்றேன். அவர் என்னையும் துரையையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிங்க, வாரமுங்க" என்று சொல்லிவிட்டு இருவரும் இறங்கிப் போனார்கள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை என்று சொல்ல ஆசைதான். நன்றாகவே சாப்பிட்டேன். அந்த அம்மாள் கேட்டது எனக்கு உறைத்தது நாலைந்து நாள் கழித்துத்தான்.

பங்குனியில் இரண்டாவது கூட்டம். சாமையை அளந்து, ஓட்டை எண்ணி, செலவைத் தீர்மானிக்கும் நாள். துரை புது மேஜை விரிப்புப் போட்டு, படி, வள்ளம் என்று அளக்கிற பாத்திரங்களை எல்லாம் தேய்த்துப் பளபளவென்று வைக்கச் சொல்லியிருந்தார். எந்த நாட்டுக்கு எவ்வளவு ஓட்டு வரும், பாதைக்கு எத்தனை மிஞ்சும் என்று முன்கூட்டியே அவரிடம் ஒரு பட்டியல் இருந்தது. எல்லாத் தலைவர்களும் வந்தார்கள். வெறுங்கையோடு வந்தார்கள்.

நான் பெயர் பெயராகக் கூப்பிட்டேன். திண்ணனூர் நாட்டுக்காரர் எழுந்து, "இந்த வருசம் அளக்கலீங்க" என்றார். அடுத்தவரும் அப்படியே. திருப்புலிப் பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "எங்களாலயும் முடியலீங்க. அளக்காதவனுக்கு ஓட்டில்லைன்னு துரை சொல்லியிருக்காரு. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நாங்க ஓட்டுப் போடலீங்க" என்றார். அதைச் சொன்னபோது அந்த முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

துரை சிவந்து போனார். இது கலகம் என்றார். அதையும் நான் தமிழில் சொன்னேன். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

கடைசியாகச் சின்ன நாட்டைக் கூப்பிட்டேன். சடையன் எழுந்து முன்னால் வந்தார். மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து, மேஜையிலிருந்த படியில் கொட்டினார். தலை தட்டிய ஒரு படிச் சாமை. முளைத்துப் போனதில் பொறுக்கி, வீட்டுக்கு ஒரு பிடியாகச் சேர்த்தது என்று பிறகு தெரிந்தது. நிறங்கூட ஒன்றுபோல இல்லை.

"எங்க நாடு ஒரு படி அளக்குதுங்க. ஒரு ஓட்டுங்களா?"

துரை என்னைப் பார்த்தார். கணக்கு அவருக்கும் புரிந்துவிட்டது. அளந்தது மொத்தம் ஒரு படி. இருப்பது ஒரே ஓட்டு. களஞ்சியத்தில் கிடந்த பழைய சாமை, மலையின் பட்ஜெட் முழுவதும், அந்த ஒரு ஓட்டின் கையில். இத்தனை பேர் வேண்டும் என்ற வரியை அவரே தன் பேனாவால் அடித்திருந்தார்.

சடையன் காத்திருக்கவில்லை. "விதைச் சாமை மொதல்ல எங்க நாட்டுக்குங்க. மிச்சம் இருக்கறத எதுக்கு எடுக்கறதுன்னு எப்பவும் போல வெத்தல வெச்சுப் பேசிக்கறமுங்க. ரோடு வேணும்னா தொரையும் வந்து கேக்கட்டுங்க. என் ஓட்டு அம்புட்டுத்தானுங்க."

துரை குனிந்து என் காதருகே பேசினார். 'இன்றைக்குக் கூட்டமே நடக்கவில்லை என்று எழுது. மழை என்று எழுது.' வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பேனா என் கையில் இருந்தது. இந்த முறை எனக்கு யோசிக்க நேரமும் இருந்தது, அதுதான் கஷ்டம். மழை என்று எழுதினால் நான் பிழைத்தேன். சின்ன நாட்டு ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கீழே இறங்குவார்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதினேன். எழுதி முடித்ததும் புத்தகத்தைத் துரையிடம் நீட்டாமல் எழுந்து நின்று, விதிப்படி, உறுப்பினர்களின் பாஷையில் உரக்கப் படித்தேன். எத்தனை நாடு வந்தது, யார் எவ்வளவு அளந்தார்கள், யாருக்கு ஓட்டு, அந்த ஓட்டு என்ன சொன்னது, எல்லாவற்றையும் படித்தேன். படித்து முடிப்பதற்குள் துரை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எல்லாரும் கேட்ட பிறகு அதை அடிக்க அவரால் முடியாது. தன் விதி தோற்றது என்று மேலிடத்துக்கு எழுதவும் அவருக்கு மனசில்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு ஓர் அறிக்கை எழுதினார். புதிய ஓட்டு முறையின் பயனாக மிகச் சிறிய உறுப்பினரின் நலன் முதல் ஆண்டிலேயே காப்பாற்றப்பட்டது என்று. டைப் அடித்தது நான்தான். பாராட்டுக் கடிதம் வந்தது. வருஷம் திரும்புவதற்குள் பதவி உயர்வோடு இறங்கிப் போனார். அவர் போனதும் அவர் விதியும் போயிற்று. இது தெரியாமல் நீங்கள் எல்லாம் விதி திருத்த உட்கார்ந்திருக்கிறீர்கள். எந்த விதி எப்படித் தோற்றாலும் அதற்கு வெற்றி என்று அறிக்கை எழுத ஓர் ஆள் நாற்காலியில் இருப்பான், டைப் அடிக்க ஓர் ஆள் பக்கத்தில் இருப்பான்.

என் கதைக்கு வருகிறேன். களஞ்சியத்தில் விதைச் சாமை அளந்து கொடுத்த நாளில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. ஒரு துரையை எதிர்த்துப் படித்த ஆள் அல்லவா! சின்ன நாட்டுப் பெண்கள் கூடையோடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசிக் கூடையோடு சடையன் நின்றார். மனசில் இருந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அன்றைக்கு நீங்கள் கேட்டதைத் துரையிடம் நான் சொல்லவில்லை, கூலி கேட்டு வந்ததாகப் பொய் சொன்னேன், தட்டை எடுக்கச் சொன்னதும் நான்தான் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். மன்னிப்பார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் புகழ்வார் என்றும் எதிர்பார்த்தேன், மறைப்பானேன்.

"பொய் சொன்னது தெரியுமுங்க" என்றார். "நாங்க கேட்டத அப்படியே சொல்லியிருந்தா அந்த மனுசன் சிரிச்சிருப்பாரா?"

"தெரிஞ்சுமா என்னை நம்பி அந்த ஒரு படியோட வந்தீங்க? துரை சொன்னபடி நான் மழைன்னு எழுதியிருந்தா?"

சடையன் கூடையின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றார். என்னை நோகடிக்கக் கூடாது என்று அவர் தயங்கியது தெரிந்தது. பிறகு சொல்லிவிட்டார்.

"உங்கள நம்பலீங்க. உங்க பயத்தத்தான் நம்புனமுங்க. எழுதுனத மாத்த அதிகாரம் இல்லைன்னு அன்னைக்குப் பொஸ்தகத்தக் காட்டுனீங்களே, அப்பவே உங்க பயம் தெரிஞ்சுதுங்க. தொரைக்குப் பயப்படறத விட அந்தப் பொஸ்தகத்துக்குத்தான் நீங்க சாஸ்தி பயப்படறீங்கன்னு திருப்புலிக்காரரும் சொன்னாருங்க. படிக்குப் படி ஓட்டுன்னு நீங்கதான எழுதுனீங்க? அத மீற உங்களால ஆகாதுன்னு தெரிஞ்சுதான் எல்லாரும் வெறுங்கையோட வந்தாங்க."

சொல்லிவிட்டுக் குனிந்து, கூடையை ஒரு கை பிடித்துத் தூக்கிவிடச் சொன்னார். தூக்கிவிட்டேன். தலையில் வைத்துக்கொண்டு கிழக்குப் பக்கம் நடந்தார். துரை எழுதச் சொன்ன மழை அன்று சாயங்காலம்தான் இருட்டிக்கொண்டு வந்தது.